ஒரு நாடு அகதிகளிடம் நியாயமாக நடக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

அகதி விசாரணைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பதினோரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். "நம்ம நாடு அவங்களை நல்லாத்தானே வச்சிருக்கு?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்வதில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். மேடைப் பேச்சில் எல்லா நாடும் வந்தாரை வாழவைக்கும்.

முதலில் அந்த நாட்டின் அரசியல் சட்டத்தை எடுங்கள். உரிமை தரும் வாக்கியம் யாருக்குத் தருகிறது? குடிமகனுக்கா, எந்த மனிதருக்குமா? இந்திய அரசியல் சட்டத்தில் பேச்சுரிமை சொல்லும் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கானது. உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவோ யாராக இருந்தாலும் பொருந்தும். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. ஆனாலும் 1996இல் உச்ச நீதிமன்றம் அந்த 21ஐப் பிடித்துத்தான், அருணாசலப் பிரதேசத்தில் மிரட்டப்பட்ட, அகதிகளாக வந்து குடியேறியிருந்த சக்மா மக்களின் உயிரைக் காப்பது அரசின் கடமை என்றது. கனடாவில் 1985இல் அகதிக் கோரிக்கையாளர்களுக்கு நேரடி விசாரணை கிடைத்ததில், அவர்களது உரிமைச் சாசனத்தில் இருந்த 'ஒவ்வொருவருக்கும்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து, உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்றால் இரண்டு பிரிவுகளை மட்டும் உரசிப் பாருங்கள். 33: உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக்கூடாது. 31: ஆபத்திலிருந்து நேராக வந்தவர், தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய்க் காரணம் சொன்னால், அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது. கையெழுத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஆறாவது நாடாக ஆஸ்திரேலியா 1954இல் இணைந்ததால்தான் அந்த உடன்படிக்கை நடைமுறைக்கே வந்தது. அதே நாடு 1992இல், அனுமதியின்றிப் படகில் வருகிறவர்களைக் கட்டாயமாகத் தடுத்து வைக்கச் சட்டம் போட்டது. நாடுகடத்த வழியே தெரியாத ஒருவரைக் காலவரையின்றி அடைத்து வைப்பது செல்லாது என்று அங்கே நீதிமன்றம் சொல்ல 2023 ஆகிவிட்டது.

சரி, இனி விசாரணை அறை. உண்மையில் நியாயம் நடப்பதும் நடக்காததும் இங்கேதான்.

ஒருவர் வந்திருந்தார். அவரை ஒளித்து வைத்தது 'சின்னம்மா'. முதல் விசாரணையில் வேறொரு மொழிபெயர்ப்பாளர் அதை அப்பாவின் இரண்டாம் மனைவி என்று சொல்லியிருந்தார். இரண்டாவதில் நான் இருந்தேன். அம்மாவின் தங்கை என்றேன், அவர் சொன்னதும் அதைத்தான். எப்போது பிடித்தார்கள் என்று கேட்டால், "தங்கச்சி கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசம்" என்பார். தேதி வேண்டும் என்றார்கள். ஒரு தேதியைச் சொன்னார், பாவம். முடிவுக் கடிதத்தில் உறவிலும் தேதியிலும் முரண்பாடு என்று எழுதி நிராகரித்துவிட்டார்கள். பொய் சொல்கிறவர்கள் வருவதில்லை என்று நான் சொல்ல மாட்டேன், வருகிறார்கள். ஆனால் அவர்கள் தேதியை நன்றாக மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள்.

அதனால் எந்த நாட்டைப் பற்றியும் இவற்றை விசாரியுங்கள். பேசியதை ஒலிப்பதிவு செய்கிறார்களா? வாக்குமூலத்தை அவர் மொழியிலேயே திரும்ப வாசித்துக் காட்டுகிறார்களா? மொழிபெயர்ப்பாளரை மாற்றச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா? காசில்லாதவருக்கு வக்கீல் யார் தருவது? நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தருகிறார்களா? முரண்பாடு என்று முடிவு கட்டுவதற்கு முன், அதை அவரிடமே காட்டி விளக்கம் கேட்டார்களா? கடைசிக் கேள்வியை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

காத்திருக்கும் காலத்தில் வேலை செய்ய விடுகிறார்களா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். இவை சுலபமாகத் தெரிந்துவிடும்.

அப்புறம் மேல்முறையீடு. சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. எத்தனை நாள் அவகாசம், அதுவரை நாடுகடத்தலை நிறுத்தி வைக்கிறார்களா என்று கேளுங்கள். விமானம் ஏற்றிய பிறகு வரும் தீர்ப்பை யாரிடம் கொடுப்பது?

சின்னம்மா வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. அதை விசாரித்த அம்மையார் பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, இரண்டு முறையும் அவர் சொன்னது ஒரே சொல்தானா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அந்தக் கேள்வி வந்து சேரப் பதினான்கு மாதம் ஆனது.