பழைய காருக்கு இன்ஜின் வேலையா, வேற இன்ஜினா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசிடரோ பத்மினியோ வாங்கி, முதல் தடவையாக இன்ஜின் வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இதைத் திறக்கலாமா, இல்ல வேற ஒண்ணு மாட்டிடலாமா?" கேட்கும்போதே வேற இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள் என்பது பாதிப் பேரின் முகத்திலேயே தெரியும். எங்கள் செட்டு ஒரு காலத்தில் செய்த அதே கூத்துதான், ஆள்தான் வேறு. ஆயில் மாற்று, ரேடியேட்டரில் தண்ணீர் பார் என்ற பாடமெல்லாம் இங்கே இல்லை. அதுகூடத் தெரியாதவர் பழைய கார் பக்கம் போகவே வேண்டாம்.

புகையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, சரி. எந்த வழியாக எரிகிறது என்பதுதான் கேள்வி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூட்டம் வந்து, அப்புறம் சுத்தமாகிவிட்டால் பெரும்பாலும் வால்வு கைடு, சீல் சமாசாரம். ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் மேல் பாகத்தை, மட்டும் இறக்கினால் போதும். மேட்டில் மிதிக்கும்போது விடாமல் புகைந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றும் தள்ளினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்), போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்துளை) மீது சந்தேகப்படலாம். கறுப்புப் புகை என்றால் முதலில் கார்புரேட்டரைப் பாருங்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க கம்ப்ரஷன் கேஜ், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் மீட்டர், இருக்கிறது. இன்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராகப் பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் கோளாறு வால்வில். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம். பத்மினிக்கு ஹெட் அலுமினியம். ஒரு தடவை நன்றாகக் கொதித்திருந்தால் வளைந்திருக்கும், அதையும் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவுக்குத் தயாராகிறார்கள்.

கழற்றிய இன்ஜினை எடைக்குப் போடுவது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்குச் சூடாகிவிடும்.

ஒரு தம்பி. கையில் 1973 அம்பாசிடர், அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினோடு. ஏதோ ஒரு ஷெட்டில் "போர் முடிஞ்சுடுச்சு, பிளாக் தேறாது" என்று, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜினின் முக்கிய உடலே வீண் என்று, சொல்லியிருக்கிறார்கள். உடனே 1817 சிசி இசுசு இன்ஜின் ஒன்றைப் பிடித்து மாட்டிவிட்டான். பழைய இன்ஜினை அதே ஷெட்டில் எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வண்டிக்கு ஐம்பது வயது ஆனதும் விண்டேஜ் பதிவுக்குப் போகலாமா என்று என்னிடம் வந்தான்.

"பிளாக் எங்கப்பா?"

"அங்கேயே குடுத்துட்டேன் அண்ணே."

2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' வரிசையில் தனி எண் கிடைக்கும். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்தத் தம்பி எங்கே போய் நிற்பான்?

பிளாக் தேறாது என்று சொன்னதே தப்பு. இந்த இன்ஜினின் போர் 73 மில்லிமீட்டர் சொச்சம். தேய்ந்தால் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவோம்: இருபது, முப்பது, நாற்பது என்று ஏறும், எல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. நாற்பது என்றாலும் மொத்தம் ஒரு மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் தேய்ந்தால் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் இறக்கும் புதுக் குழாய்) அடித்து மறுபடி ஸ்டாண்டர்ட் அளவுக்கே கொண்டுவரலாம். கனமான வார்ப்பிரும்பு பிளாக் அது, லேசில் சாகாது. "போர் முடிஞ்சுது" என்று யாராவது சொன்னால் அளவைக் கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக போர் கேஜ் வைத்து எடுத்த அளவு. எழுதிக் கொடுக்கத் தெரியாதவரிடம் பிளாக்கைக் கொடுக்காதீர்கள்.

செலவாவது மிச்சமா என்றால் அதுவும் இல்லை. அவன் கணக்குப் போட்டது இன்ஜின் விலையை மட்டும். கியர் பாக்ஸ், மவுண்ட், புரொபெல்லர் ஷாஃப்ட், கிளட்ச், சைலன்சர் பைப் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தது. கூடுதல் சக்திக்கு ஏற்ற பிரேக் இருக்கிறதா என்று யாரும் யோசிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி டீசல் மாட்டியவர்களும் இதையேதான் செய்தார்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் அதே பெட்ரோல் இன்ஜினைத் தேடி அலைகிறார்கள்.

வேற இன்ஜின் மாட்டியே தீர வேண்டுமென்றால் மாட்டுங்கள். பழையதில் தண்ணீரை வடித்து, சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, பழைய பிளக்கையே மாட்டி, பலகை மேல் ஏற்றி பிளாஸ்டிக் சுற்றி வீட்டு மூலையில் வையுங்கள். இடம் அடைக்கும். அடைக்கட்டும்.

ரிங் மட்டும் மாற்றிப் பார்ப்பது

போரின் மேல் பகுதியில் விரல் நகத்துக்குப் படிக்கட்டு தட்டுப்பட்டால் வேண்டாம்; புது மேல் ரிங் அதில் இடித்து உடையும்.

பிஸ்டன் கைக்கு வரும் முன் போரிங்

பிஸ்டனை வாங்கி, அதை அளந்து, அதற்கு ஏற்ற இடைவெளி விட்டுத்தான் போர் அடிக்க வேண்டும். நாற்பதுக்கு அடித்துவிட்டு நாற்பது பிஸ்டன் கிடைக்காமல் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிகள் உண்டு.

பில் இல்லாத இன்ஜின்

வாங்காதீர்கள்.

பழைய இன்ஜின் நம்பரைப் புது பிளாக்கில் பஞ்ச் அடிப்பது

குற்றம். அடித்துத் தருகிறேன் என்கிற ஷெட்டிலிருந்து வண்டியை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

மாற்ற வேண்டிய இடத்தில் பிடிவாதம்

கனெக்டிங் ராடு உடைந்து பிளாக் சுவரைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது, அல்லது மெயின் பேரிங் உட்காரும் இடத்தில் விரிசல். அங்கே செலவு செய்வதில் அர்த்தமில்லை. அப்போதும் முதலில் தேட வேண்டியது அதே ரகத்து இன்ஜின்தான். மவுண்ட், கியர் பாக்ஸ் எதையும் தொட வேண்டாம். அனுமதி வாங்கி ஆர்சியில் இன்ஜின் நம்பரை மாற்றினால் போதும். பணம் கொடுக்கும் முன் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் பானைக் கழற்றச் சொல்லி, ஒரு பேரிங் மூடியையாவது திறந்து கிராங்க் ஷாஃப்டைப் பாருங்கள். கழற்ற விடமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.