ரெட்ரோ பைக் மக்கர் பண்ணினால் விற்பதா, வைத்துக்கொள்வதா?

சேலத்திலிருந்து தர்மபுரி திரும்பும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் பழைய பாணியில் வந்த என் 350 சிசி ரெட்ரோ வண்டி நின்றுவிட்டது. இரவு எட்டு மணி. முதலில் ஹெட்லைட் மங்கியது, அப்புறம் ஹாரன் செத்தது, கடைசியில் என்ஜினும் அணைந்தது. ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டுத் தம்பிக்கு போன் போட்டு, "நாளைக்கே இதை வித்துடலாம்டா" என்றேன்.

அந்த ராத்திரியில் முடிவெடுக்காதீர்கள். வண்டி வீட்டுக்கு வந்து ஒரு வாரமாவது போகட்டும். முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கோளாறு என்ஜினுக்கு உள்ளேயா, வெளியேயா?

என் வண்டியில் மெக்கானிக் அண்ணன் பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்துக் காட்டினார். என்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி சார்ஜோடு இருக்கிறது. ஓடவிட்டுக் கொஞ்சம் ஆக்சிலேட்டர் முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். என்னுடையது 12-க்கு மேல் ஏறவே இல்லை. ஸ்டேட்டரிலிருந்து (என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் சுருள்) வரும் மூன்று மஞ்சள் வயர்களின் கனெக்டரைப் பிரித்தார். ஒரு பின் மட்டும் கருகி, பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டியில் அதிர்வு அதிகம். அதில் பின் தளர்ந்தால் அந்த இடம் சூடாகிக் கருகிவிடும். கனெக்டரை மாற்றினார், 14.1 காட்டியது. செலவு எண்ணூறு ரூபாய்கூட ஆகவில்லை. இதற்காகவா விற்கப் பார்த்தேன் என்று மனசு கஷ்டப்பட்டது.

கிளட்ச் பிளேட், கேபிள், கார்புரேட்டர், ஃபோர்க் சீல் எல்லாமே இந்த ரகம்தான். தேயும், மாற்றலாம்.

உள்ளே கோளாறு என்றால் கதை வேறு. என்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடியவிட்டு, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். விரலில் தேய்த்தால் சாம்பல் மாதிரி மெல்லிய பொடி வருவது பெரும்பாலும் சாதாரணத் தேய்மானம். நகத்தால் எடுக்கும் அளவுக்குச் சீவல் சீவலாக உலோகம் கிடந்தால் பேரிங்கோ கியரோ போகிறது. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் (சிலிண்டரின் உள்சுவர்) வேலை. இப்படி இருந்தால் இரண்டு மெக்கானிக்குகளிடம் தனித்தனியாக எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். அதோடு கடந்த ஒரு வருட ரிப்பேர் பில்லையும் கூட்டுங்கள். வண்டி இப்போது போகும் விலையில் பாதியைத் தாண்டினால், நானாக இருந்தால் விற்றுவிடுவேன்.

ஸ்பேர் பார்ட்ஸையும் யோசியுங்கள். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கிடைத்தால் கவலையில்லை. ஒவ்வொரு சின்னச் சாமானுக்கும் பெங்களூரு ஜே.சி. ரோடு வரை போக வேண்டுமென்றால், தினமும் வேலைக்குப் போக அந்த வண்டி ஒத்துவராது. வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

விற்பதாக முடிவானால், கோளாறை வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வண்டியைப் பெயர் மாற்றும் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிடாமல், ஆர்சியில் பெயர் மாறும்வரை பின்தொடருங்கள். வண்டி யார் கையில் இருந்தாலும், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் பெயர் உள்ளவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது.