காளான் பைக்கு மரத்தூள் கலவை தயாரிப்பது எப்படி?

கொட்டில் போடுவது, வித்து இடுவது, காளான் பறிப்பது எதுவும் இங்கே வராது. சிப்பிக் காளான் பைக்குள் போகிற கலவை மட்டும்தான். பச்சைப் பூஞ்சணம் பிடித்து எறிகிற பைகளில் பல, வித்து இடுவதற்கு முன்பே கெட்டவை.

மரக்காலையில் கேட்டால் எல்லா மரத்தின் தூளும் கலந்த குவியலில் இருந்துதான் அள்ளித் தருவார்கள். மாமரம் அரிகிற நாள் பார்த்துப் போய், வாளுக்குக் கீழே விழுவதையே சாக்கில் பிடியுங்கள். இலங்கையின் தெற்கில் றப்பர் மரத்தூள் பாவிக்கிறார்கள். அதை லொறிக்காசு கொடுத்து இங்கே இறக்கத் தேவையில்லை. வேம்பு, தேக்கு வேண்டாம். மருந்தடித்த பலகையின் தூள் வேண்டவே வேண்டாம். தூளை அரித்துச் சிராயை எடுத்துவிடுங்கள், பையைக் குத்திவிடும்.

தூள் 10 கிலோவுக்கு அரிசித் தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், பயற்றம்மா அல்லது சோயா மா 100 கிராம், எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேற்று, கறியுப்பு அல்ல) 20 கிராம். இருபது கிராமைக் கண்ணால் அளக்காதீர்கள், சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். தவிட்டைக் கூட்டினால் காளானும் கூடும் என்பார்கள். அவித்தல் கொஞ்சம் பிசகினாலும் அந்தத் தவிடு பூஞ்சணத்துக்குத்தான் விருந்து.

உப்பைத் தவிர மற்றதெல்லாம் காய்ந்தபடியே கலக்க வேண்டும். உப்பைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தண்ணீர். இதற்கு லீற்றர்க் கணக்குச் சொல்லமாட்டேன். மாரியில் வாங்கிய தூளும் சித்திரை வெயிலில் கிடந்த தூளும் ஒரே அளவு குடிக்காது. குழாயைப் பிடிக்காமல் பூவாளியால் தெளித்துத் தெளித்துப் புரட்டுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஈரம் மினுங்கலாம், சொட்டக்கூடாது. கையை விரித்தால் உருண்டை நிற்க வேண்டும். பெருவிரலால் தட்டினால் இரண்டு மூன்றாக உடைய வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் இன்னும் தெளிக்கலாம். சரி வந்துவிட்டது என்று உடனே பையில் போடாதீர்கள். மரத்தூள் மெல்லத்தான் தண்ணீரை இழுக்கும். அரை மணித்தியாலம் மூடி வைத்து, குவியலின் அடியிலிருந்து எடுத்து மறுபடி பிழிந்து பாருங்கள். மேலே சரியாக இருந்து அடியில் சொட்டினால், காய்ந்த தூள் கொஞ்சம் சேர்த்துப் புரட்டுங்கள்.

பை பொலிப்புறொப்பிலீனாக இருக்க வேண்டும். சாதாரணக் கடைப் பை அவிக்கும்போது இளகிவிடும். இறுக்கி நிரப்பி, வாயில் பிவிசி வளையம் மாட்டிப் பஞ்சால் அடைத்து, மேலே கடதாசி கட்டுங்கள்.

கலந்த அன்றே அவிக்க வேண்டும். நம்மூர் வெக்கையில் ஓரிரவு விட்டால் புளித்த மணம் வந்துவிடும். பிரஷர் குக்கரில் இரண்டு மூன்று பைதான் கொள்ளும், தகரப் பரல்தான் என் தெரிவு. அடியில் கல் அடுக்கித் தட்டு வைத்து, தட்டுக்குக் கீழேதான் தண்ணீர். ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகு 3 மணித்தியாலம். அடுப்பு மூட்டிய நேரத்திலிருந்து எண்ணாதீர்கள். நடுவில் விறகு தணிந்தால் அந்த நேரம் கணக்கில் இல்லை. பை முழுதாக ஆறிய பிறகே வித்து.

பின்சேர்க்கை: கல்சியம் காபனேற்றுக்குப் பதிலாக வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா என்று பலர் கேட்டார்கள். அதே நிறைக்குப் போடாதீர்கள். அது நீற்றிய சுண்ணாம்பு, காரம் மிகக் கூடியது. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறதே என்று கல்சியத்தை விட்டுவிடவும் வேண்டாம். கலவை புளிக்காமல் தாங்க அந்த 200 கிராமும் தேவை.