கேட்ட இடம் ஒன்று, கிடைத்த இடம் ஒன்று: ஜெனரல் ஸ்டடீஸ் அட்மிஷன் வந்த வீடுகளுக்கு

பாஸ்டன் யுனிவர்சிட்டியிலிருந்து கடிதம் வந்த அன்று நான் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மகன் கூப்பிட்ட குரலில் சந்தோஷம் தெரிந்தது. கிரைண்டரை நிறுத்திவிட்டு ஓடினேன். முதல் வரியில் வாழ்த்துகள் என்று இருந்தது. இரண்டாவது பத்தி வந்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது. "அம்மா, இது நான் கேட்டதே இல்லையே" என்றான். அவன் கேட்டது கலை அறிவியல் கல்லூரியில் பொருளாதாரம். அவர்கள் கொடுத்திருந்தது காலேஜ் ஆஃப் ஜெனரல் ஸ்டடீஸ், அதுவும் செப்டம்பரில் இல்லை, ஜனவரியில்.

"அப்போ இது சீட்டா, வெயிட்டிங் லிஸ்ட்டா?" என்று அவன் அப்பா கேட்டார். மூன்று பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. உங்கள் வீட்டில் அதே கேள்வி இப்போது எழுந்திருந்தால், அன்றைக்கு எங்களுக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கிய விஷயங்களை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: இது சீட்தான். முழு அட்மிஷன். நிராகரிப்பும் இல்லை, காத்திருப்போர் பட்டியலும் இல்லை. அந்தக் கல்லூரி 1952-இல் இருந்து நடக்கிறது. பிள்ளைகள் முதல் இரண்டு ஆண்டு அங்கே படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தின் வேறு கல்லூரிக்குப் போய்த் தங்கள் மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, முடிக்கிறார்கள். கையில் கிடைப்பது பாஸ்டன் யுனிவர்சிட்டியின் நாலு வருடப் பட்டம், அந்த மேஜரின் பெயரில். நியூயார்க் யுனிவர்சிட்டியில் லிபரல் ஸ்டடீஸ் என்று ஏறக்குறைய இதே மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் கொலம்பியாவின் ஸ்கூல் ஆஃப் ஜெனரல் ஸ்டடீஸோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது படிப்பில் இடைவெளி விட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கான கல்லூரி. பெயர்தான் ஒன்று.

ஊரிலிருந்து வரும் போன்களுக்கும் தயாராக இருங்கள். "பிள்ளைக்கு என்ன பிராஞ்ச் கிடைச்சிருக்கு?" என்று என் நாத்தனார் திருநெல்வேலியிலிருந்து கேட்டார். நான் சொன்னதும் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு, "ஜெனரல் ஸ்டடீஸ்னா டிஎன்பிஎஸ்சி பேப்பர் மாதிரியா அண்ணி?" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. நம் ஊர் கவுன்சலிங்கில் சீட் என்றாலே கல்லூரியும் பிராஞ்சும் சேர்ந்த ஒன்று. கட்-ஆஃப் வருகிறது, பிராஞ்ச் முடிவாகிறது, அதோடு நாலு வருடமும் முடிவாகிவிடுகிறது. இங்கே அமெரிக்காவில் மேஜரை முதல் இரண்டு ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் அறிவிக்கலாம் என்பது பல கல்லூரிகளில் சாதாரணம். அது மனதில் பதிய எனக்கே இரண்டு வாரம் ஆயிற்று.

பாடத்தைப் பற்றி என் கருத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். முதல் ஆண்டு எழுத்து, இலக்கியம் கலை சார்ந்த மனிதவியல், சமூக அறிவியல். அடுத்த ஆண்டு இயற்கை அறிவியலும் வருகிறது. ஆசிரியர்கள் குழுவாக இருந்து ஒரே மாணவர் கூட்டத்துக்குப் பாடம் எடுக்கிறார்கள். அதனால் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பிள்ளையைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் கேப்ஸ்டோன் என்ற குழுத் திட்டம்: உண்மையான ஒரு பிரச்சினையை எடுத்து, தீர்வு எழுதி, ஆசிரியர்கள் முன்னால் வாதாட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கையே தூக்காத என் மகன் அதில் எழுந்து நின்று பேசினான். பொருளாதாரம், அரசியல், உளவியல், ஊடகம் என்று போகிற பிள்ளைக்கு இது நல்ல அஸ்திவாரம்.

இன்ஜினீயரிங் வேண்டும் என்கிற பிள்ளைக்கு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கால்குலஸ், இயற்பியல் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுகிற பாடங்கள். முதல் செமஸ்டரில் தொடங்காவிட்டால் படிக்கட்டு முழுக்கத் தள்ளிப்போகும். பொதுப் பாடங்கள் பெரும்பாலான இடத்தை எடுத்துக்கொண்ட பிறகு மீதி இருப்பது கொஞ்சம்தான். மருத்துவம் நினைக்கிறவர்களும் வேதியியலை எந்தச் செமஸ்டரில் நுழைப்பது என்று முன்பே பார்க்க வேண்டும். டெபாசிட் கட்டும் முன் அட்மிஷன் ஆபீசுக்கு மின்னஞ்சலில் நேராகக் கேளுங்கள்: என் மகள் இந்த மேஜருக்குப் போக வேண்டும், எந்தெந்தப் பாடத்தை எந்தச் செமஸ்டரில் எடுக்க முடியும், அந்தத் துறை மதிப்பெண் நிபந்தனை ஏதாவது வைத்திருக்கிறதா, நாலு வருடத்தில் முடியுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது மூன்றாம் ஆண்டில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பெரும்பாலான கல்லூரிகளில் மே 1-க்குள் டெபாசிட் கட்ட வேண்டும் என்பதால், மார்ச் கடைசியிலிருந்து உங்களுக்கு இருப்பது ஒரு மாதம்தான்.

இனி விசா. நம் மாதிரி குடும்பங்கள் அடிபடுவது இங்கேதான்.

ஜனவரியில் சேர்ந்து வசந்த செமஸ்டரை பாஸ்டனில் முடித்ததும், கோடையில் ஆறு வாரம் லண்டனில் வகுப்பு. விடுபட்ட செமஸ்டரை ஈடுகட்டத்தான் இந்த ஏற்பாடு. கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் எச்-4-இல், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசாவில், இருக்கும் பிள்ளையின் பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்து, அமெரிக்க விசா ஸ்டாம்ப் எந்தத் தேதி வரை என்று பாருங்கள். எங்கள் மகனின் எச்-4-ஐ அமெரிக்காவுக்குள்ளேயே நீட்டித்திருந்தோம். அந்தக் காகிதம் இங்கே தங்கியிருக்கச் செல்லும். பாஸ்போர்ட்டில் இருந்த ஸ்டாம்ப் காலாவதியாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. லண்டனுக்குப் போனால் புது ஸ்டாம்ப் இல்லாமல் திரும்ப விமானம் ஏற முடியாது. கனடாவுக்கு முப்பது நாளுக்குள் போய் வருகிறவர்களுக்கு இருக்கும் சலுகை பிரிட்டனுக்குக் கிடையாது. இதை நாங்கள் கண்டுபிடித்தது ஜூன் மாதம், தற்செயலாக, இன்ஷூரன்ஸ் காகிதம் தேடும்போது.

ஜனவரிக்கு முன்னால் இருந்த அந்தக் காலி செமஸ்டர்தான் எங்களைக் காப்பாற்றியது. அக்டோபரில் அவனைச் சென்னைக்குக் கூட்டிப் போய், அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஸ்டாம்பிங் முடித்துவிட்டு, பாட்டி வீட்டில் தீபாவளியும் கொண்டாடிவிட்டு வந்தோம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டன் விசாவும் தனியாக வேண்டும். கோடைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அந்தச் சமயத்தில் பாஸ்போர்ட் கையில் இல்லாமல் போகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். லண்டன் போகவே முடியாத நிலை என்றால் மாற்று ஏற்பாடு என்ன என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முன்பே பேசிவிடுங்கள்.

எச்-4 பிள்ளைக்கு 21 வயது ஆனதும் அந்த அந்தஸ்து முடிந்துவிடும். நம் பிள்ளைகள் பலருக்கு மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ அந்தப் பிறந்தநாள் வரும். அதற்கு முன்பே எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். தேதியைக் காலண்டரில் இப்போதே வட்டமிட்டு வையுங்கள். இந்தியாவிலிருந்து நேராக எஃப்-1-இல் வருகிறவர்களுக்கு கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் ஜனவரித் தேதிதான் இருக்கும். அதற்கு 30 நாளுக்கும் மேல் முன்னதாக உள்ளே வர அனுமதி இல்லை. அக்கா வீட்டில் ஆகஸ்டிலிருந்து இருக்கட்டும் என்று திட்டம் போடாதீர்கள்.

செப்டம்பர் மாதம் கொஞ்சம் கஷ்டம். கூடப் படித்தவர்கள் எல்லாம் மெத்தை விரிப்பும் மினி ஃபிரிட்ஜும் வாங்கிக்கொண்டு விடுதிக்குப் போய்விடுவார்கள். நம் பிள்ளை மட்டும் மாடி அறையில், போனில் அவர்கள் போடும் படங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கும். முதல் வாரம் என் மகன் மத்தியானம் வரை எழுந்திருக்கவே இல்லை. திட்டவில்லை. டிரைவிங் கற்றுக்கொள்ளச் சொன்னேன், ஊர் நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனான். எச்-4-இல் சம்பள வேலை கூடாது, கடையில் பகுதி நேரமும் கூடாது. சம்பளமில்லாத உண்மையான தன்னார்வ வேலை செய்யலாம். கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ள பிள்ளைகள் தாராளமாக வேலைக்குப் போகலாம். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு பாடம் எடுத்துவிடலாமே என்று தோன்றும். பல்கலைக்கழகத்தைக் கேட்காமல் சேராதீர்கள். கிரெடிட் ஏற்காமல் போகலாம், உதவித்தொகையிலும் சிக்கல் வரலாம்.

பண விஷயத்தில் சுருக்கமாக: அரசின் கல்வி உதவி எச்-4, எஃப்-1 பிள்ளைகளுக்குக் கிடையாது. லண்டன் கோடையின் கட்டணமும் விமானச் செலவும் முதல் ஆண்டுச் செலவில் எப்படிச் சேர்கின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஜனவரி. பாஸ்டனில் அப்போது மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், குளிர் உறைநிலைக்குக் கீழே போகும். குளிர்காலக் கோட்டுகளைத் தி. நகரில் வாங்காதீர்கள், அந்தக் குளிர் தெரிந்தவர்கள் தைத்தது இங்கே கிடைக்கும். தண்ணீர் புகாத பூட்ஸ் கோட்டைவிட முக்கியம். கல்லூரி இருப்பது காமன்வெல்த் அவென்யூவில். வாசலை ஒட்டியே கிரீன் லைன் டிராம் பி தடத்தில் ஓடுகிறது. அரிசி, பருப்பு, கறிவேப்பிலைக்கு வால்தம் போனால் பட்டேல் பிரதர்ஸ் இருக்கிறது. ஆஷ்லாந்தில் லட்சுமி கோயில். விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் நாங்கள் அங்கே போனோம். மகன் பையில் ஒரு டப்பா பருப்புப் பொடி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் போன் செய்து, ரூம்மேட்டுக்கும் பிடித்துவிட்டது, இன்னொரு டப்பா அனுப்பு என்றான்.