இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கும் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மாதம் 4,000 ரூபாய்: யாருக்கு, எதுவரை, எப்படி

குழந்தைகள் இல்லத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவர்கள் படிப்புக்குப் பணம் கேட்டு அலையும்போது பெரும்பாலும் தப்பான பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள், அதனாலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் குடைக்குள்தான் இங்கே சொல்லப்போகிற இரண்டு உதவிகளும் இருக்கின்றன. ஒன்று நிதி ஆதரவு, ஆபீஸில் ஸ்பான்சர்ஷிப் என்பார்கள். இது 18 வயதுக்குள் இருக்கும், வீட்டில் வளரும் பிள்ளைக்கு. இன்னொன்று பிற்காப்பு, அதாவது ஆஃப்டர் கேர். இது 18 முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்கு. இரண்டுமே மாதம் 4,000 என்பதால்தான் இத்தனை குழப்பம்.

பிற்காப்பை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் கோட்டை விடுவது அதில்தான். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 46-ஐப் படித்துப் பாருங்கள். 18 முடிந்து இல்லத்தை விட்டுப் போகிறவருக்குப் பண உதவி ‘வழங்கப்படலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘வழங்கப்படும்’ என்று இல்லை. அந்த ஒரு ‘லாம்’ இருப்பதால், தானாக எதுவும் வந்து சேராது, கேட்டு வாங்க வேண்டும். கேட்க வேண்டிய நேரமும் வெளியே வந்த பிறகு இல்லை. வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே பிள்ளையின் அடுத்த கட்டத்துக்கான திட்டத்தை எழுதிக் மாவட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பராமரிப்பை முடிவு செய்கிற குழந்தைகள் நலக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள் சொல்கின்றன. அதை எழுதுவது இல்லத்தின் நல அலுவலர் அல்லது கேஸ் வொர்க்கர். ஆகவே 17 முடிந்ததுமே அவரிடம் போய், “சார், எனக்குப் பிற்காப்புக்குப் பரிந்துரை எழுதியாச்சா?” என்று நேராகக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். பரிந்துரை எழுதப்படாமல் வெளியே வந்துவிட்டால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. குழுவிடம் நேரில் மனு கொடுக்கலாம், ஆனால் இல்லத்தில் இருந்ததற்கான ஆதாரத்தையெல்லாம் நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

வரம்பு என்று பார்த்தால் 21 வயது. தேவை இருக்கிறது என்று காட்டினால் 23 வரை நீட்டிக்கலாம், அதற்கு மேல் இல்லை. கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும், கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கும். இல்லத்துப் பிள்ளைகள் பலர் பள்ளியில் சேர்ந்ததே தாமதமாக இருக்கும், ஒருவருக்கு +2 முடிக்கும்போதே 19 ஆகிவிடுகிறது என்றால் இன்ஜினியரிங் நான்கு வருடம் முடியும்போது 23. நீட்டிப்பு கிடைக்காவிட்டால் பாதிப் படிப்பில் பணம் நிற்கும். அதனால் 21 முடிகிற அன்று ஓடாதீர்கள், அந்த வருடக் கல்லூரிப் படிப்புச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் கையில் வைத்துக்கொண்டு சில மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் உறவினர்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லாமல் பாட்டி, சித்தப்பா, அத்தை வீட்டில் வளரும் பிள்ளை, விதவைத் தாயின் பிள்ளை, கணவர் விட்டுப் போன தாயின் பிள்ளை, பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயில் இருக்கும் பிள்ளை, இல்லத்திலிருந்து குடும்பத்துக்கே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை: இவர்களெல்லாம் நிதி ஆதரவுக்குள் வருவார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, நகர்ப்புறத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இங்கே ஒரு வம்பு. முதல்வர் மருத்துவக் காப்பீட்டுக்கான வரம்பு 1,20,000 ஆக உயர்ந்துவிட்டதால் அதை மனதில் வைத்துக்கொண்டு இ-சேவையில் ஒரு லட்சத்துக்கு வருமானச் சான்றிதழ் வாங்கி வந்து நிற்கிறவர்கள் உண்டு. உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் வாங்க வேண்டும், ஆனால் எந்தத் திட்டத்துக்கு எந்த வரம்பு என்று தெரிந்துகொண்டு வரிசையில் நில்லுங்கள்.

விண்ணப்பம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில், பல ஊர்களில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்று, பெற்றோர் இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான சான்று, பிள்ளை பெயரில் வங்கி பாஸ்புக். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், பிறகு ஒப்புதல் குழு முடிவு செய்யும். பள்ளிக்குப் போவதை நிறுத்தினால் பணம் நிற்கும். விடுதியில் சேர்த்தாலும் நிற்கும். பிள்ளை குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுக்கிற பணம் இது. வருடத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனையும் உண்டு. 18 ஆனதும் முடிந்தது. உறவினர் வீட்டில் வளர்ந்தவருக்கு அதற்கு மேல் பிற்காப்பு கிடையாது, அது இல்லத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும்தான் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அப்படி.

தமிழக அரசின் அன்புக் கரங்கள் தனி, 2025 செப்டம்பரில் தொடங்கியது, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000. கல்லூரிக்குப் போனபின் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும், தொலைதூரக் கல்விக்குக் கிடைக்காது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். பல இல்லங்களில் பிள்ளைகளைப் பக்கத்து அரசுப் பள்ளிக்குத்தான் அனுப்புகிறார்கள், எனவே நிறைய பேர் தகுதியானவர்கள்தான். இல்லமே நடத்தும் மெட்ரிக் பள்ளியில் படித்திருந்தால் கிடைக்காது.

கடைசியாக பாஸ்புக். எனக்குத் தெரிந்த ஒரு பெண் கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியும் பணம் எடுக்க முடியவில்லை. கணக்கு அவள் பெயரில்தான் இருந்தது, ஆனால் கண்காணிப்பாளரோடு ஜாயின்ட், ஆதாரில் இல்லத்து முகவரி, ஓடிபி போனதோ எப்போதோ வேலையை விட்டுப் போன வார்டன் அம்மாவின் செல்போனுக்கு. ஒவ்வொன்றாக மாற்ற நாலு நடை. +2 தேர்வுக்கும் ரிசல்ட்டுக்கும் நடுவில் உள்ள சும்மா நாட்களில் ஆதாரில் உங்கள் நம்பரை ஏற்றிவிட்டு, கணக்கைத் தனிக் கணக்காக மாற்றிவிடுங்கள். கல்லூரி அப்ளிகேஷன் தொடங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஓடிபிதான் கேட்பார்கள்.