ரெட்டை கார்புரேட்டரைத் திருகும் முன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர், ஆயுசு முழுக்க அம்பாசடர் பார்த்தவர். எம்.ஜி.பி. என்ற என் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் திறந்ததும், "இது நம்ம அம்பாசடர் கார்புரேட்டர்தான் தம்பி, ரெண்டா வச்சிருக்கான்" என்றார். பாதி சரி. இரண்டுமே பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி-சீரிஸ் குடும்பத்து இன்ஜின். அம்பாசடரில் 1489 சி.சி., எம்.ஜி.பி.யில் 1798 சி.சி. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும் இரண்டிலும் எஸ்.யூ. மேக்தான். அந்த நம்பிக்கையில் தேய்ந்த நீடில்களை எடுத்துவிட்டு அம்பாசடர் நீடில்களைப் போட்டார். நானும் சரியென்று தலையாட்டினேன்.

ஐட்லிங் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடுவது) அருமையாக இருந்தது. புதுச்சேரி சாலையில் அறுபதைத் தாண்டியதும் வண்டி திணறி, இருமி, தவளைக்குப்பம் வருவதற்குள் ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. காரணம் எளிது. எஸ்.யூ.வில் பெட்ரோல் வரும் துளையான ஜெட் ஒன்றுதான், அதற்குள் கூம்பாக இறங்கும் ஊசியான நீடிலும் ஒன்றுதான். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க நீடிலைத் தாங்கும் கார்புரேட்டர் பிஸ்டன் மேலே ஏறும். நீடிலின் மெலிந்த பகுதி ஜெட்டுக்கு வரும். இடைவெளி கூடி பெட்ரோலும் கூடும். எந்த உயரத்தில் எவ்வளவு மெலிய வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். அம்பாசடர் நீடில் எம்.ஜி.பி. பிஸ்டனில் கச்சிதமாக உட்காரும். ஆபத்தே அதில்தான். ஐட்லிங்கை ஜெட் நட்டைத் திருகிச் சரிக்கட்டிவிடலாம். ரோட்டில்தான் குட்டு வெளிப்படும்.

ஆகவே திருகுவதற்கு முன் கையில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பர் பக்கவாட்டில் தனியாக நின்றால் எச்.எஸ். வகை. அடியில் உடம்போடு ஒட்டியிருந்தால் எச்.ஐ.எஃப்.; எம்.ஜி.பி.க்கு இது 1970களின் தொடக்கத்தில் வந்தது. எச்.எஸ்.ஸில் கலவையை மாற்ற ஜெட்டுக்கு அடியில் ஆறுபட்டை நட்டு. எச்.ஐ.எஃப்.பில் பக்கத்தில் ஒரு திருகு. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். பெயரில் உள்ள எண்ணும் சும்மா இல்லை. ஓர் அங்குலத்தோடு அத்தனை அரைக்கால் அங்குலம் கூட்டுங்கள்: எச்.எஸ்.2 என்றால் ஒன்றேகால், எச்.எஸ்.4 என்றால் ஒன்றரை, எச்.எஸ்.6 என்றால் ஒன்றேமுக்கால் அங்குலத் துளை. மூடித் திருகுக்கு அடியில் எண் பொறித்த சின்ன அலுமினியத் தகடு இருந்தால் புண்ணியம். கழற்றும்போது அதைத்தான் முதலில் தொலைப்பார்கள். நீடிலின் தண்டில் எழுத்தோ எண்ணோ வெட்டியிருக்கும், லென்ஸ் வைத்துப் படியுங்கள். பிஸ்டன் ஸ்பிரிங்கின் நுனியில் நிறம் இருக்கும். சிவப்பு நாலரை அவுன்ஸ். ஒரு கார்புரேட்டரில் சிவப்பும் மற்றதில் வேறு நிறமும் இருந்தால் எத்தனை நாள் டியூன் செய்தாலும் இரண்டும் ஒன்றுசேராது.

கழற்றிச் சுத்தம் செய்யும்போது நடக்கும் பெரிய தவறு, இரண்டு பிஸ்டன்களையும் ஒரே தட்டில் போடுவது. பிஸ்டனும் அதன் மேல்மூடியும் ஜோடியாகப் பொருத்திக் கடைந்தவை. மாற்றிப் போட்டால் சிக்கும், அல்லது காற்று கசியும். முன்னது, பின்னது என்று தனித்தனி டப்பாவில் வையுங்கள். எச்.எஸ்.4 ஜெட்களும் அப்படித்தான், நைலான் குழாய் முன்னதற்கும் பின்னதற்கும் வேறு. அழுக்கை எடுக்க உப்புத்தாள் கூடவே கூடாது. பனியன் வேஸ்டும் வேண்டாம், அதன் நூல்பிசிறு ஜெட்டில் போய் உட்காரும். பெட்ரோலில் நனைத்த மெல்லிய துணி போதும். மாட்டிய பிறகு பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டக்' என்று மெலிதாக உலோகச் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீடில் ஜெட்டில் உரசுகிறது, ஜெட்டை மையப்படுத்தாமல் மேலே போகாதீர்கள்.

பிஸ்டன் சட்டென்று ஏறாமல் தடுக்கும் எண்ணெய்க் குழியான டாஷ்பாட்டில் கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றுகிறார்கள். எஸ்.ஏ.இ. 20 இன்ஜின் ஆயில் போதும். அது வற்றிப்போனால் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது வண்டி தயங்கும். அதைப் பார்த்து ஜெட்டைத் திருகப் போவார்கள்.

டியூனிங்கில் வரிசை முக்கியம். டாப்பட் இடைவெளி (எம்.ஜி.பி.க்குக் குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம்), பிளக், பாயிண்ட், டைமிங் எல்லாம் முடிந்து, இன்ஜின் சூடான பிறகே கார்புரேட்டர். காற்றைத் திறந்து மூடும் திராட்டில் தகட்டின் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அந்த வழியே காற்று புகும், ஐட்லிங் என்றைக்கும் நிற்காது. முதலில் தேய்ந்த புஷ்ஷை மாற்றுங்கள், பிறகு டியூனிங்.

இரண்டு ஜெட்களையும் பிரிட்ஜ் (பிஸ்டனுக்கு அடியில் உள்ள மேடு) மட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது பன்னிரண்டு பட்டை இறக்குங்கள். இணைப்புக் கம்பியைத் தளர்த்தி, ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டின் 'உஸ்' சத்தமும் ஒன்றாகும் வரை ஐட்லிங் திருகுகளைச் சரிசெய்யுங்கள். கம்பியைத் தளர்த்தாமல் இதைச் செய்தால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒவ்வொரு பட்டையாகத்தான் நட்டைத் திருக வேண்டும், இரண்டிலும் சமமாக. பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அங்கேயே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணையப் போனால் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். இந்த வண்டிகள் அதற்காகச் செய்தவை அல்ல. பழைய அளவில் வைத்தால் கலவை மெலிந்துவிடும், இன்ஜின் சூடேறும். எங்கள் கடற்கரைக் காற்றில் எத்தனால் ஈரத்தையும் இழுக்கிறது. மழைக்காலத்தில் இரண்டு மாதம் நிறுத்திவிட்டு ஃப்ளோட் சேம்பரைத் திறந்தபோது அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது, பழைய ரப்பர் ஹோஸ் விரலில் கறுப்பாக ஒட்டியது. எத்தனால் தாங்கும் ஹோஸுக்கு மாறினேன். ஐப்பசி பிறக்கும் முன் ஃப்ளோட் சேம்பர் இரண்டையும் வடித்துக் காயவைத்துத்தான் இப்போது ஷெட்டைப் பூட்டுகிறேன்.