தேரியில் கால் நிற்கும் இடம்

திருச்செந்தூர் பக்கம், செம்மணல் மேடுகளாகக் கிடக்கும் குதிரைமொழித் தேரிக்கு முதல் தடவை போனபோது முந்நூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒரே கதை: கீழே செம்மண், மேலே வெளுத்த வானம், நடுவில் தீக்குச்சி மாதிரி பனைகள்.

இப்போதெல்லாம் கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறேன். கால் எங்கேயாவது தானாக நிற்கும். ஏன் நின்றோம் என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். 'அழகாக இருக்கிறது' என்பதெல்லாம் பதிலே இல்லை. 'ஒற்றைப் பனையின் நிழல் மேடு பள்ளத்தில் நெளிந்து நெளிந்து என் காலடி வரை வருகிறது.' சரி, இது பதில். இந்த வரியில் வானம் இல்லை. சூரியனைப் பார்த்து நிற்பதால் அது எப்படியும் வெளுக்கத்தான் போகிறது. கேமராவைத் தாழ்த்தி, வானத்தை ஃபிரேமுக்கு வெளியே தள்ளுங்கள். ஃபிரேமை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் 'மூன்றில் ஒரு பங்கு' விதியெல்லாம் அப்புறம்.

உங்களை நிறுத்தியது பனைக்கூட்டம் என்றால் பாடு அதிகம். படத்தில் இரண்டு மரம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் எது எதன் தலை என்றே தெரியாது. ஜூமைத் திருகாதீர்கள், பக்கவாட்டில் இரண்டடி நகருங்கள், இடைவெளி திறக்கும். பிறகு குத்தவைத்து உட்காருங்கள். பனையின் கொண்டை தூரத்து மேட்டைத் தாண்டி வானத்துக்கு ஏறிவிடும். அதற்குப் பிறகு ஜூமை 55 மிமீக்குத் திருகி நெருக்கலாம். மணல் வரிகள்தான் வேண்டுமென்றால் அகலமாகப் பிடிக்கும் 18 மிமீ வைத்துத் தரையோடு குனியலாம்.

விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் ஒவ்வொரு வரிக்கும் நிழல் விழும். பத்து மணிக்கு எல்லாம் தட்டை. வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் இரும்புச்சத்து தந்த அந்தச் சிவப்பை வெளுக்கவைத்துவிடும். டேலைட்டில் வையுங்கள்.

அப்புறம், நல்ல மணலில் இறங்கி நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து எடுக்காதீர்கள். படத்தின் முன்பகுதி முழுக்க உங்கள் செருப்புத் தடம்தான் இருக்கும். (என் முந்நூறில் பாதி அப்படித்தான்.) ஓரமாகச் சுற்றி வாருங்கள்.

ஆடிக் காற்றில் போனால் லென்ஸை அங்கே மாற்ற வேண்டாம். நான் மாற்றினேன். கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரைத் துடைக்கக் கொடுத்த இடத்தில், பஞ்சைத் தூக்கிக் காட்டி, "எந்த ஊரு மண்ணு அண்ணாச்சி இது?" என்றார்கள்.